புயல் படத்தைப் பார்த்து நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி பிறந்தால் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் வானிலை மாடல் படங்கள், அதாவது கணினி கணக்குப் போட்டு வரைந்த கணிப்புப் படங்கள், சுற்ற ஆரம்பித்துவிடும். பத்து நாள் கழித்துக் குமரிக் கடலில் பெரிய சுழல் ஒன்று வருவதாக இருக்கும். அது எந்த ரன், அதாவது எந்த நேரத்துக் கணக்கு, என்று யாரும் பார்ப்பதில்லை. முதல் தவறு இதுதான். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் தினமும் 4 முறை புதிதாகக் கணக்குப் போடுகிறது. நம் நேரப்படி காலை 5.30, பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 நிலவரத்தை வைத்து. நேற்றிரவு தெரிந்த சுழல் இன்று மதியம் இல்லாமல் போகலாம்.

காரணம், கணக்கு தொடங்கும் இடத்திலேயே பிழை இருக்கிறது. திருவனந்தபுரத்தில் பலூன் விட்டு மேல்காற்றை அளக்கிறார்கள். நமக்குத் தெற்கே பரந்து கிடக்கும் கடலில் யார் விடுவது? செயற்கைக்கோள், மிதவை, கப்பல் தரும் தகவலோடு முந்தைய கணிப்பையும் கலந்துதான் அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். அங்கே நுழையும் சின்னப் பிழை நாளாக ஆகப் பெருகும். 1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினிக்கு 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்ததற்கே, அது பிறகு காட்டிய வானிலை முழுக்க வேறாகிவிட்டது.

‘ரெண்டு ஆப்பிலும் ஒரே மாதிரி காட்டுது, அப்போ உறுதிதான்’ என்பார்கள். இரண்டும் ஒரே மாடலிலிருந்து எடுத்திருந்தால் பிழையும் ஒன்றேதான்.

விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல கணிப்புகள் போடுகிறது. மாற்றாத ஒன்றையும் சேர்த்து 51. அவற்றில் பாதியில் புயல் வங்கக் கடலிலேயே வடக்கே திரும்புகிறது; மீதியில் குமரிமுனைக்குத் தெற்கே அரபிக்கடலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்தால் பாதை இரண்டுக்கும் நடுவில் விழும். 51இல் ஒன்றுகூடச் சொல்லாத பாதை அது! சராசரிக் கோட்டை விட்டுவிட்டு, கோடுகள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்று பாருங்கள்.

சரி, பத்து நாள் படத்தில் ஒன்றுமே இல்லை, தைரியமாகக் கடலுக்குப் போகலாமா? 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது; மறுநாளே அது குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. அதற்குள் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் ஏராளம். கிளம்பும் நாளில் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை ‘போகாதே’ என்றால், ஆப்பைக் காட்டி வாதாடாதீர்கள்.