ரத்த வகை பார்ப்பது: ஸ்லைடோடு நிறுத்தக் கூடாது

ஏ, பி வகைகளைப் பிரிப்பது சிவப்பணுவின் மேல் நுனியில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு சர்க்கரை. தன்னிடம் இல்லாத சர்க்கரையை உடல் அந்நியமாகவே பார்க்கும். அதற்கான ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில், தயாராக இருக்கும். 1901-ல் லேண்ட்ஸ்டெய்னர் கண்ட இந்த அடையாளச் சண்டையைத்தான் ஸ்லைடில் பார்க்கிறோம்.

ஸ்லைடில் ஆன்டிபாடி உள்ள சோதனைச் சீரங்களான ஆன்டி-ஏ (நீலம்), ஆன்டி-பி (மஞ்சள்), ஆர்.எச். பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் ஆன்டி-டி (நிறமற்றது) ஒவ்வொரு சொட்டு விடுங்கள். பக்கத்தில் ஒவ்வொரு சொட்டு ரத்தம். தனித்தனிக் குச்சியால் கலக்கி, சுமார் 2 செ.மீ. வட்டமாகப் பரப்பி, மெல்லச் சாய்த்து ஆட்டுங்கள். ரத்தம் கட்டி தட்டினால் பாசிட்டிவ், தட்டாவிட்டால் நெகட்டிவ். 2 நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். அதற்குமேல் ஓரம் காய்ந்து, கட்டி தட்டியதுபோலவே ஏமாற்றும்.

ரத்தம் ஏற்றுவதற்கென்றால் ஸ்லைடு போதாது, டியூப்தான். சலைனில் (உப்புநீரில்) கழுவிய அணுக்களை 2 முதல் 5 சதவீதமாகக் கரையுங்கள். டியூபில் முதலில் சோதனைச் சீரம், பிறகு அணு. ஆன்டி-டி நிறமற்றது என்பதால், விட மறந்திருந்தாலும் தெரியாது, வரிசையை மாற்றாதீர்கள். நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் 1 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததை மெதுவாகத் தட்டிக் கலைத்துப் பாருங்கள். வேகமாகக் குலுக்கினால் பலவீனமான கட்டி உடைந்து 'நெகட்டிவ்' ஆகிவிடும்.

இதுவரை அணுவைச் சோதித்தது முன்பக்கம். அடுத்து சீரத்தைச் சோதிக்கும் எதிர்ப்பக்கம்: நோயாளியின் சீரம் 2 சொட்டு, வகை தெரிந்த ஏ, பி, ஓ அணுக்கள் தனித்தனி டியூபில் ஒரு சொட்டு. அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இது. இங்கே மேல்நீர் சிவந்திருந்தாலும் பாசிட்டிவ்தான், அணு உடைந்திருக்கிறது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் இது பயன்படாது. சொந்த ஆன்டிபாடி இன்னும் உருவாகியிருக்காது.

இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லையென்றால் முடிவு எழுதாதீர்கள். அணுக்கள் நாணய அடுக்குபோல் ஒட்டினால் சீரத்தை எடுத்துவிட்டுச் சலைன் விடுங்கள். பொய்க் கட்டி கலையும், உண்மையானது நிற்கும். குளிர்ச்சியில் அணுக்களைத் திரட்டும் குளிர் ஆன்டிபாடி என்று சந்தேகம் வந்தால், அணுக்களை 37 டிகிரி சலைனில் கழுவி மறுபடி பாருங்கள்.

முன்பக்கம் 'ஓ' என்று வந்து, சீரமோ ஓ அணுவையும் பலமாகத் திரட்டினால் பாம்பே வகையை நினையுங்கள். 1952-ல் பம்பாயில் கண்டறியப்பட்டது. ஆன்டி-எச் (சாதாரண ஓ அணுவில் உள்ள எச் அடையாளத்தைத் தாக்கும் ஆன்டிபாடி) போட்டால் இந்த அணுக்கள் திரளாது, சாதாரண ஓ திரளும். இவர்களுக்குச் சாதாரண ஓ ரத்தமும் அந்நியம்தான். பாம்பே வகை ரத்தம் மட்டுமே ஏற்றலாம்.