சூடான நீர் ஆறுவதை வரைபடமாக்கக் கற்பித்தல்

மொரிசியசில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப் நகரில் நீர் 100 பாகை செல்சியசில் அல்ல, ஏறத்தாழ 98 பாகையிலேயே கொதிக்கிறது. ஆயினும், வெப்பமானியைப் பார்க்கும் முன்பே குறிப்பேட்டில் 100 என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. ஆகவே, வரைபடம் கற்பிக்கும் வேலை வரைபடத்தாளில் அன்று, அளந்ததை அளந்தபடியே எழுதும் அட்டவணையில்தான் தொடங்க வேண்டும்.

ஒரு முகவையில் வெந்நீரை ஊற்றி, இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை, படிப்பதற்கு முன் மெல்லக் கலக்கி, இருபது நிமிடங்கள் வரை வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். முதல் அளவீடு 92 பாகை, கடைசி அளவீடு 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். அலகுகளை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிட்டால், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மீண்டும் எழுத வேண்டியதில்லை.

நாம் தேர்ந்தெடுத்து அளக்கும் காலம் கிடை அச்சிலும், அதைப் பொறுத்து மாறும் வெப்பநிலை செங்குத்து அச்சிலும் வரும். இதை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, "எதை நாம் முடிவு செய்தோம், எது தானாக மாறியது?" என்று கேட்பது நல்லது.

மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறுவது அளவுத்திட்டத்தில்தான் என்பதால், அதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று பாகை அல்லது ஏழு பாகை என்று எடுத்துக்கொண்டவர், இடைப்பட்ட ஒவ்வொரு புள்ளியையும் குறிக்கும்போது தவறு செய்ய இடமுண்டு. 1, 2, 5 ஆகியவற்றையோ அவற்றின் பத்து மடங்குகளையோ எடுத்துக்கொண்டால் சிறு கட்டங்களை எளிதாக எண்ணலாம். இங்கே ஒரு சென்டிமீட்டருக்கு 2 நிமிடம், 5 பாகை என்பது பொருந்தும். வெப்பநிலை அச்சைச் சுழியிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமில்லை; 55 பாகையிலிருந்து தொடங்கினால் புள்ளிகள் தாளின் மூலையில் ஒடுங்காமல் பரந்து நிற்கும். கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கு, புள்ளிகள் கிடையாகவும் செங்குத்தாகவும் வரைபடக் கட்டத்தின் குறைந்தது பாதியளவுக்குப் பரவி அமைய வேண்டும் என்பதையும் இப்போதே பழக்கிவிடுங்கள்.

புள்ளிகளைக் கூர்மையான பென்சிலால் சிறு பெருக்கல் குறிகளாக இடச் சொல்லுங்கள். கலக்க மறந்ததால் ஒரு புள்ளி மற்றவற்றிலிருந்து விலகி நின்றால், அதை அழிக்க விடாதீர்கள். வட்டமிட்டு, காரணத்தை ஓரத்தில் எழுதட்டும். அழித்த புள்ளியிலிருந்து எந்த மாணவரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிறகு, புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கோடிட்டு இணைக்காமல், அவற்றின் நடுவே ஒரே சீரான வளைவை வரைய வேண்டும். நீருக்கும் அறைக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு குறையக் குறைய, ஆறும் வேகமும் குறைவதால், அந்த வளைவு தொடக்கத்தில் செங்குத்தாகவும் பிறகு சாய்வு தணிந்தும் இறங்கும்.

அளவுகோலால் நேர்கோடு போட்டுவிட்ட மாணவரிடம், அந்தக் கோட்டையே மேலும் நீட்டிக் கணக்கிடச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தில் 32 பாகை குறைந்தால் நிமிடத்திற்கு 1.6 பாகை, அப்படியானால் ஒரு மணி நேரம் முடிவதற்குள்ளாகவே, வகுப்பறை மேசையில் இருக்கும் அந்த வெந்நீர் சுழிப் பாகைக்கு இறங்கி உறையத் தொடங்கியிருக்க வேண்டும்.