பதில் கிடைக்கும்படி கேள்வி கேட்பது எப்படி?

பினாங்கில் தைப்பூசம் நெருங்கும்போது, தண்ணீர்ப்பந்தல் வேலையில் இருக்கும் இளைஞர்களின் கணினிக் கேள்விகளும் வந்து சேரும். "தமிழ் வரவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று ஒரு வரி, கூடவே திரையைக் கைப்பேசியில் கோணலாகப் பிடித்த படம். கேள்வி-பதில் தளங்களில் ஊதியம் எதிர்பாராமல் எழுதிவரும் என்னைப் போன்றவர்கள் சலித்துப்போவது இத்தகைய வரிகளால்தான். அதையே எடுத்துக்கொண்டு, படிப்படியாகத் திருத்திக் காட்டுகிறேன்.

முதலில், கேட்க வேண்டிய இடத்தை அறிந்துகொள்ளுங்கள். நிரல் எழுதுவதில் சிக்கல் என்றால் 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. எக்செல் போன்ற மென்பொருளைக் கையாள்வதில் சிக்கல் என்றால் அதே குடும்பத்தைச் சேர்ந்த சூப்பர் யூசர். இரண்டிலும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். கேட்குமுன் அங்கேயே தேடிப் பாருங்கள். ஏற்கெனவே வந்த கேள்வி என்று மூடிவிட்டால் மனம் நோகாமல், அவர்கள் சுட்டிய பழைய பதிலைப் படியுங்கள்.

அடுத்து, உங்கள் ஊகத்தைக் கேட்காமல் நடந்ததைச் சொல்லுங்கள். மேலே காட்டிய வரியை எழுதிய இளைஞர், அடுத்து எந்த எழுத்துருவை நிறுவ வேண்டும் என்றுதான் கேட்டார். நாங்களும் ஒவ்வொன்றாகப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தோம். கூகுள் ஷீட்ஸிலிருந்து சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரையாக) இறக்கிய தொண்டர் பட்டியலை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்திருக்கிறார் என்பது வெகுநேரம் கழித்தே தெரியவந்தது. அந்தக் கோப்பு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் 'தமிழ்' என்ற சொல் 5 குறிகளாக (த, ம, ி, ழ, ்) பிரிந்து, குறிக்கு 3 வீதம் 15 பைட்டுகளை, அதாவது 15 சேமிப்பு அலகுகளைப் பிடிக்கும்; எக்செல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படித்ததால் திரை முழுவதும் கிறுக்கலாகியிருந்தது. இதற்கு எந்த எழுத்துருவும் மருந்தாகாது. 'டேட்டா' பகுதி வழியாகக் கோப்பை உள்ளிட்டு, 'File Origin' என்ற இடத்தில் யூடிஎஃப்-8ஐக் குறிக்கும் '65001' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் பெயர்கள் தெளிவாகத் தெரிந்தன.

மூன்றாவதாக, மாதிரியைச் சுருக்குங்கள். தொண்டர்களின் அடையாள அட்டை எண்களோடு முழுப் பட்டியலையும் பொதுவெளியில் போடுபவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கற்பனைப் பெயர்கள் இரண்டை மட்டும் வைத்து ஒரு கோப்பு உருவாக்கி, அதிலும் அதே கோளாறு வருகிறதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள். இப்படிக் குறைக்கும்போதே காரணம் பிடிபட்டுவிடுவதும் உண்டு.

இப்போது கேள்வி இவ்வாறு அமையும்: "கூகுள் ஷீட்ஸிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பின் தமிழ்ப் பெயர்கள் எக்செல் 2019இல் கிறுக்கலாகத் தெரிகின்றன, எழுத்துருவை மாற்றியும் பயனில்லை, நோட்பேடில் சரியாகத் தெரிகின்றன." கோப்பில் பழுதில்லை, எக்செல் அதைப் படிக்கும் விதத்தில்தான் கோளாறு என்று காட்டும் அந்தக் கடைசித் தகவல் ஒன்றே பதிலளிப்பவரைப் பாதி தூரம் கொண்டுசேர்க்கும். 'அவசரம்' என்ற சொல்லுக்கு இடமில்லை; அவசரம் உங்களுடையது. பதிலளிப்பவர்களிலும் ஏளனமாக எழுதுவோர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இப்படி எழுதப்பட்ட கேள்வியை அவர்களும் பெரும்பாலும் சீண்டுவதில்லை.

பதில் வந்தபின் செய்ய வேண்டியதும் உண்டு. எனக்கு மிகுந்த எரிச்சலூட்டுவது, "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு மறைவது; எப்படிச் சரியானது என்பதே பின்னால் வருபவருக்குத் தேவை. உதவிய பதிலுக்குச் சரிக்குறி இடுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அதனால் பதில் எழுதியவருக்கு 15 நன்மதிப்புப் புள்ளிகளும் உங்களுக்கு 2 புள்ளிகளும் கிடைக்கும். தீர்வை நீங்களே கண்டுபிடித்திருந்தால், அதை உங்கள் கேள்விக்குப் பதிலாகவே எழுதிவிட்டு, 2 நாள் கழித்து வந்து சரிக்குறி இடலாம்.