எட்வர்ட் ஹாப்பரின் ஓவியங்களைப் பார்க்கும் முறை

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரின் (1882–1967) ஓவியங்களை முதன்முறையாகப் பார்க்கத் தொடங்குபவர், அவற்றைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் ‘நகரத்துத் தனிமை’ என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைப்பது நல்லது. அந்தப் பேச்சு அளவு மீறிவிட்டது என்பது ஹாப்பரின் கருத்தும்கூட. மனிதர்களை விட்டுவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்தச் சுவரில் விழுகிறது, எங்கே அறுபடுகிறது என்று பாருங்கள்.

இரவு நேர உணவகம் ஒன்றைத் தெருவிலிருந்து காட்டும், சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் உள்ள ‘நைட்ஹாக்ஸ்’ (1942) ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றை எடுத்து, அதிலுள்ள நால்வரையும் விரல்களால் மறைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு எதுவும் கண்ணில் படாது; உணவகத்துக்குள்ளிருந்து கண்ணாடி வழியே கசியும் வெளிச்சமே நடைபாதையில் பச்சை கலந்து படர்ந்திருக்கும். அடுத்து, கதவைத் தேடுங்கள். உள்ளறைக்குப் போகும் கதவு ஒன்று தெரியும். தெருவுக்கு வரும் வாசலோ படத்தில் எங்குமே இல்லை. ஓவியத்தின் இறுக்கம் முகங்களைவிடக் கட்டடத்தில்தான் அதிகம் என்பது அப்போது புரியும்.

முகபாவங்களை அவர் இவ்வளவு அடக்கியதற்கு அவருடைய பிழைப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் நயாக்கில் பிறந்த ஹாப்பர், 1913ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ‘ஆர்மரி’ நவீனக் கலைக் கண்காட்சியில் ஓர் ஓவியத்தை 250 டாலருக்கு விற்றார். அடுத்த ஓவியம் விலைபோகப் பத்து ஆண்டுகள் ஆயின. அதுவரை மனமொப்பாமல் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தார். பத்திரிகைகள் கேட்டது கைகாலை ஆட்டிப் பேசும் மனிதர்களை. அவர் வரைய விரும்பியதோ வீட்டுச் சுவரில் விழும் வெயிலை.

அவருடைய பெண்ணுருவங்களைப் பார்க்கும்போது ஜோசபின் நிவிசனை மறக்கக் கூடாது. தாமும் ஓவியரான அவர்தான் புரூக்ளின் அருங்காட்சியகத்தினரிடம் ஹாப்பரின் நீர்வண்ணப் படங்களைப் பரிந்துரைத்தவர். 1924இல் இருவரும் மணந்த பிறகு, ஏறக்குறைய எல்லாப் பெண்ணுருவங்களுக்கும் அவரே மாதிரியாக நின்றார். ஒவ்வொரு ஓவியத்தின் நிறம், விலை, வாங்கியவர் ஆகியவற்றை அவர் குறித்துவைத்த பதிவேடுகள் அச்சிலும் வந்துள்ளன. விமர்சனக் கட்டுரைகளுக்கு முன்பே அவற்றைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, ‘ஹவுஸ் பை தி ரெயில்ரோட்’ (1925), ‘சன் இன் அன் எம்ப்டி ரூம்’ (1963) ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் தண்டவாளம் வீட்டின் அடிப்பகுதியை வெட்டி மறைக்கிறது. பின்னதில் ஒரு ஜன்னல், வெறும் தரை, சுவரில் சாய்ந்து விழும் வெயில். விரலால் மறைக்க அங்கே ஆள் எவரும் இல்லை.