லினக்ஸில் கறுப்புத் திரையா? எக்ஸ்ஆர்க்கை நிறுவிச் சரிசெய்யும் வழி

லினக்ஸில் திரையில் படத்தை வரைந்து காட்டும் மென்பொருள் எக்ஸ் சர்வர், அதன் வழக்கமான வடிவம்தான் எக்ஸ்ஆர்க். திரை வரவில்லை என்றதும் பலர் முதலில் அதன் அமைப்புக் கோப்பான எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃபை எழுத உட்காருகிறார்கள். தேவையில்லை. இன்றைய எக்ஸ் சர்வர் கார்டையும் மானிட்டரையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கீழே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர், அதன் மேல் எக்ஸ் சர்வர், அதற்கும் மேல் டெஸ்க்டாப். கோளாறு எந்த அடுக்கில் என்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். (கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.)

படி 1: டிரைவர்

திரை உறைந்திருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் செய்து, எல்எஸ்பிசிஐ கட்டளையை ஹைஃபன் கே சேர்த்து இயக்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் ஐ915, புதிய ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு. அந்த வரியே இல்லையென்றால் எக்ஸைத் தொடாதீர்கள், சிக்கல் கெர்னலில்தான். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) ஏற்றப்படவில்லை என்ற செய்தி இருக்கிறதா என்று தேடி, உரிய ஃபர்ம்வேர் பேக்கேஜை நிறுவுங்கள்.

ப்ராக் கோப்பகத்தில் உள்ள சிஎம்டிலைன் கோப்பையும் கேட் கட்டளையால் திறந்து பாருங்கள். நிறுவும்போது திரை வருவதற்காகக் கொடுத்த நோமோட்செட் என்ற கெர்னல் விருப்பம் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது இருக்கும்வரை கெர்னல் டிரைவர் திரையின் பொறுப்பை ஏற்காது. கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) அமைப்பிலிருந்து அதை நீக்கி, அப்டேட்-கிரப் இயக்கி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

படி 2: எக்ஸும் டெஸ்க்டாப்பும்

டெபியன் லினக்ஸில் எக்ஸ்ஆர்க், எக்ஸ்எஃப்சிஇ4 (டெஸ்க்டாப்) என்ற இரண்டு பேக்கேஜ்கள் போதும். வீட்டு அடைவில் டாட் எக்ஸ்இனிட்ஆர்சி என்ற கோப்பை உருவாக்கி, 'எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4' என்ற ஒரே வரியை எழுதுங்கள். பிறகு ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை இயக்குங்கள்.

அந்தக் கடைசி வரியின் முடிவில் ஆம்பர்சேண்ட் குறி போட்டுவிடாதீர்கள். போட்டால் டெஸ்க்டாப் பின்னணிக்குப் போய்விடும், ஸ்கிரிப்ட் அந்த நொடியே முடியும், ஸ்கிரிப்ட் முடிந்ததும் எக்ஸும் மூடிக்கொள்ளும். திரை ஒரு முறை மின்னிவிட்டு மீண்டும் எழுத்துத் திரைக்கே திரும்பினால் முதலில் இதைப் பாருங்கள்.

எக்ஸ் சர்வரை மட்டும் தனியாக இயக்கினால் வெறும் கறுப்புதான் தெரியும். அது பிழையில்லை, சர்வர் ஓடுகிறது, வரைவதற்குத்தான் நிரல் எதுவும் இல்லை.

ஸ்டார்ட்எக்ஸை ஒருபோதும் சூடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) இயக்காதீர்கள். வீட்டு அடைவில் உள்ள டாட் எக்ஸ்அதாரிட்டி கோப்பு, நிர்வாகிக் கணக்கான ரூட்டின் உடைமையாகிவிடலாம். அப்புறம் சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் லாகின் திரையே சுற்றிச் சுற்றி வரும். சோன் (chown) கட்டளையால் கோப்பை உங்கள் பெயருக்கு மாற்றினால் தீரும். டிஸ்க் நிரம்பினாலும் இதே அறிகுறிதான். டிஎஃப் கட்டளையால் அதையும் சரிபாருங்கள்.

படி 3: லாக்

எக்ஸ்ஆர்க் டாட் 0 டாட் லாக் என்ற கோப்பு வார் அடைவின் லாக் கோப்புறையில் இருக்கும். சாதாரணப் பயனராக ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்திருந்தால் வீட்டு அடைவில் டாட் லோக்கல், ஷேர், எக்ஸ்ஆர்க் என்ற வரிசையில் உள்ளே தேடுங்கள். அடைப்புக்குறிக்குள் இஇ என்று தொடங்கும் வரிகள் பிழைகள், டபிள்யுடபிள்யு வெறும் எச்சரிக்கை. 'நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்' என்பது விளைவு மட்டுமே. காரணம் அதற்கு முந்தைய இஇ வரிகளில் இருக்கும். யாரோ எழுதிய பழைய எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப் தவறான டிரைவரைக் கேட்கிறது என்றால், கோப்பை அழிக்காமல் வேறு பெயருக்கு மாற்றிவிட்டு முயலுங்கள்.

படி 4: ரெசல்யூஷன்

1024x768-இலேயே மாட்டிக்கொண்டதா? நோமோட்செட் இல்லை என்று உறுதியானால் கேபிளைச் சந்தேகியுங்கள். மானிட்டர் தன் விவரத்தை ஈடிஐடி என்ற தரவாக அனுப்புகிறது. பழுதான கேபிளோ மலிவான அடாப்டரோ அதைத் தொலைத்துவிட்டால், கணினி பாதுகாப்பான சிறிய அளவுக்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றியும் பயனில்லை என்றால், 'சிவிடி 1920 1080 60' கொடுங்கள். 173.00 என்று தொடங்கும் எண்வரிசை கிடைக்கும். அதை முன்னால் உள்ள பெயரோடு, திரை அளவை மாற்றும் எக்ஸ்ராண்டர் கட்டளையின் நியூமோட் விருப்பத்துக்குக் கொடுங்கள். பிறகு அந்தப் பெயரையும் மானிட்டர் இணைந்துள்ள வெளியீட்டின் பெயரையும் ஆட்மோட், மோட் விருப்பங்களுக்கு இதே வரிசையில் கொடுக்க வேண்டும். மறுதொடக்கத்தில் இது மறைந்துவிடும் என்பதால் டாட் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் எக்ஸெக் வரிக்கு மேலே எழுதிவையுங்கள்.

எக்ஸ்ராண்டர் எதையுமே மாற்ற மறுத்தால், எக்ஸ்டிஜி செஷன் டைப் மாறியை ($XDG_SESSION_TYPE, இது மட்டும் பெரிய எழுத்தில்) எக்கோ செய்து பாருங்கள். வேலாண்ட் (எக்ஸுக்கு மாற்றான புதிய திரை முறை) என்று வந்தால் அங்கே எக்ஸ்ராண்டருக்கு அதிகாரம் இல்லை, டெஸ்க்டாப்பின் திரை அமைப்புகளில்தான் மாற்ற வேண்டும்.