வெளியே வந்த ராஜாவைத் தாக்குவது எப்படி?

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்தில் வரும் ஒரு மாணவன், குதிரையைப் பலிகொடுத்து எதிராளியின் ராஜாவை நடுப்பலகைக்கே இழுத்துவிட்டு, அதன்பின் ஆட்டத்தைக் கைநழுவவிட்டான். அவன் தவறியது ஒரே ஒரு நகர்த்தலில்தான்.

இருவரும் இ4, இ5 என்று சிப்பாய்களை நகர்த்தித் தொடங்கினார்கள் (எழுத்து பலகையின் நெடுவரிசையையும், எண் குறுக்குவரிசையையும் குறிக்கும்). பிறகு குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை ஜி5, கறுப்புச் சிப்பாய் டி5. வெள்ளைச் சிப்பாய் டி5-இல் வெட்ட, கறுப்பும் குதிரையால் அங்கேயே திருப்பி வெட்டியது. (கறுப்பு ஆடுபவர்கள் இங்கே வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குவதே நல்லது.) உடனே வெள்ளைக் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டியது, ராஜா அதை வெட்டினார், ராணி எஃப்3-க்கு வந்து செக் வைத்தது. டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு ஏறினார். ஒரு குதிரை போய் ஒரு சிப்பாய் மட்டுமே கிடைத்த நிலையில், ராஜா வெட்டவெளியில் நிற்பதுதான் வெள்ளைக்கு மீதமிருக்கும் ஈடு.

இங்கே அவன் ராணியை ஜி4-க்கு நகர்த்தி மறுபடியும் செக் வைத்தான். ராஜா எஃப்7-க்குத் திரும்பியதும், அதுவரை அவரே மறைத்துக்கொண்டிருந்த வழி திறந்து, சி8-இல் இருந்த கறுப்பு பிஷப் ராணியைத் தாக்கியது. வெள்ளை வைத்த செக், கறுப்புக்கே உதவியாகப் போயிற்று.

வைக்க வேண்டிய நகர்த்தல் குதிரை சி3. அது செக் அல்ல. ஆனால் டி5 குதிரையை இப்போது ராணி, பிஷப், குதிரை என மூன்று காய்கள் தாக்க, அதைக் காப்பவை ராஜாவும் ராணியும் மட்டுமே. தாக்கப்படும் அந்தக் குதிரையோ, விலகினால் சி4 பிஷப்பின் செக் ராஜாவுக்கு விழும் என்பதால், கட்டுண்டு கிடக்கிறது; நகரவும் முடியாது. கறுப்பு தன் இன்னொரு குதிரையை பி4-க்கோ இ7-க்கோ கொண்டுவந்து முட்டுக்கொடுக்கும். அப்போது டி4 என்று சிப்பாயைத் தள்ளி நடுப்பலகையைத் திறப்பதும், கோட்டை கட்டி (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி) யானையை இ வரிசைக்குக் கொண்டுவருவதும் நம் வேலை. ராஜா நடுவில் இருக்கும்போது வரிசைகள் திறந்தால் மட்டுமே யானைகளுக்கு உயிர் வரும்.

ஆகவே செக் வைக்குமுன், ராஜா எந்தக் கட்டத்துக்குப் போவார், அது இப்போதுள்ளதைவிட அவருக்கு மோசமான இடமா என்று பார்க்க வேண்டும். பள்ளி நாட்களில் ஒரு போட்டியில் நான் தொடர்ந்து ஏழு செக் வைத்து, எதிராளியின் ராஜாவை நானே ஓரத்துச் சிப்பாய்களின் பின்னால் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். என் இரண்டு யானைகளும் அப்போது மூலையை விட்டு அசையவே இல்லை. அந்த ஆட்டத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

1858-இல் பாரிஸ் இசையரங்கில் அமெரிக்கச் சதுரங்க வீரர் பால் மார்ஃபி வெள்ளைக் காய்களுடன் ஆடிய 17 நகர்த்தல் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பு ராஜா கோட்டை கட்டாமல் இ8-இல் நிற்க, மார்ஃபி தன் 14-ஆவது நகர்த்தலில், அதுவரை சும்மா இருந்த கடைசி யானையையும் டி1-க்குக் கொண்டுவந்தார். ராணியைப் பலிகொடுத்தது அதற்குப் பிறகு, 16-ஆவது நகர்த்தலில்தான். ராஜா தப்ப வழியில்லாதபடி மாட் வைத்தது அந்த யானையே.

ராணிகளை மாற்றிக்கொள்ள எதிராளி ஆசைகாட்டினால், வேறு தெளிவான லாபம் இல்லாதவரை மறுத்துவிடுங்கள். நெருக்கடி முற்றும்போது அவர் வாங்கிய காயைத் திருப்பிக் கொடுத்துத் தப்பிக்கப் பார்ப்பார். அப்போது அவசரப்பட்டு வெட்டாமல், வெட்டிய பிறகும் ராஜா வெளியிலேயே இருப்பாரா என்று பாருங்கள். இருப்பார் என்றால் தயங்காமல் எடுத்துக்கொண்டு தாக்குதலைத் தொடரலாம்.