இரு நிறுவன நாயகர்கள் சந்தித்தால் உலகம் ஒன்றா, இரண்டா: தீர்மானிக்கும் முறை

இரு நிறுவனங்களின் நாயகர்கள் சந்திக்கும் காமிக்ஸ் கதை எந்தத் தொடர்ச்சியை, அதாவது எந்த நிறுவனத்தின் இதழ்களில் தொடர்ந்து வரும் கதை வரலாற்றைச் சேர்ந்தது என்று வாதிடப் புகுமுன், அவர்கள் எப்படிச் சந்திக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களான டிசியும் (சூப்பர்மேன்) மார்வெலும் (ஸ்பைடர்மேன்) 1976இல் இணைந்து வெளியிட்ட சூப்பர்மேன்–ஸ்பைடர்மேன் கதையில், சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரும் ஸ்பைடர்மேனின் எதிரி டாக்டர் ஆக்டோபஸும் ஒரே சிறையில் அடைபட்டிருக்கிறார்கள். உலகம் விட்டு உலகம் தாவியதாகப் பேச்சே இல்லை. ஆகவே அக்கதைக்குள் உலகம் ஒன்றே. 2003–04இல் நான்கு இதழ்களாக வந்த ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ் கதையிலோ (ஜேஎல்ஏ டிசியின் நாயகர் குழு, அவெஞ்சர்ஸ் மார்வெலின் குழு), மார்வெல் உலகில் கால்வைத்த டிசி நாயகர் ஃபிளாஷ், தனக்கு வேகம் தரும் ‘ஸ்பீட் ஃபோர்ஸ்’ என்னும் ஆற்றல் அங்கு இல்லாததால் தன் அதிவேகத்தில் ஓட முடியாமல் நிற்கிறார். உலகங்கள் இரண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து, பின்விளைவைத் தேடுங்கள். பெரும்பாலான வாதங்கள் தடம் புரள்வது இங்கேதான்: கதைக்குள் உலகம் ஒன்றாயிருப்பது வேறு, அக்கதை மாத இதழ்களின் வரலாற்றில் இடம்பெறுவது வேறு. ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ் கதையின் வில்லன் குரோனா இறுதியில் அடைபட்ட அண்ட முட்டை பின்னர் டிசியின் ஜேஎல்ஏ மாத இதழிலும் வருவதால், டிசி தரப்பில் அந்தச் சந்திப்பு நடந்ததாகவே கொள்ள வேண்டும். பிறருடைய பாத்திரத்தை அனுமதியின்றி அச்சிட இயலாது என்பதால், பிந்தைய இதழ்கள் ஒரு சந்திப்பைக் குறிப்பிடாத மௌனத்தை மட்டும் வைத்து, அது நடக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.